கடைசி இரண்டு அடிகள்

சாம்பல் புதனுக்கு முந்திய வியாழக்கிழமை, பின்னேரம் மூன்று நாற்பதுக்கு, ஒரு பிசாசு என் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்தது. நேரத்தை உறுதியாகச் சொல்லலாம். தேவாலயத்து மணிக்கூட்டை அப்போதுதான் பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருந்தேன். பேனை இன்னும் விரலுக்குள் இருந்தது.

பிசாசு என் தலையைத் தன் கக்கத்துக்குள் அமுக்கியது. ஆட்டுத்தோலின் மொச்சை மூக்கில் அடித்தது. கரி பூசிய கையொன்று என் கன்னத்திலும் வாயிலும் தேய்த்தது. பிறகு என்னைத் தன் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தது. மரத்தில் செதுக்கிச் சிவப்புப் பூசிய முகம். இரண்டு கொம்பு. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. ஓட்டைகளுக்குப் பின்னால் ஈரமாக ஏதோ அசைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பல தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒழுங்கு இதுதான். என் முழங்கால் அவன் வயிற்றில் ஏறியது. அவன் மடங்கினான். இரண்டு கொம்புகளையும் பிடித்துக் கீழே இழுத்தேன். இருவரும் சேர்ந்து விழுந்தோம். சதுக்கத்து நீர்த்தொட்டியின் கல் விளிம்பில் அவன் தோள் மோத, காய்ந்த தடி முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நெஞ்சில் ஏறியிருந்து, கொம்புகளை விடாமல், தலையை நிலத்துக் கல்லில் மோதினேன். மூன்று தடவை. மூன்றாவதில் முகமூடி மூக்கு வழியாகப் பிளந்தது. ஒரு சிராய் அவன் கன்னத்தை வாய் ஓரம் வரைக்கும் கிழித்தது.

சுற்றி நின்ற சனம் சிரித்தது. கை தட்டியது. இந்த வெளிநாட்டுக்காரன் நன்றாக விளையாடுகிறான் என்று நினைத்திருக்கவேண்டும். ஒரு தாய், பிள்ளைக்குத் தெரியட்டும் என்று பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள்.

பிளந்த பாதி கழன்று விழுந்தது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதரின் முகம் இருந்தது. வியர்த்துச் சிவந்த முகம், ஆவி படிந்த மூக்குக்கண்ணாடி. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அந்த முகத்தில் இரண்டு தடவை குத்தினேன். ஒன்று மூக்கில். மற்றது இடது கண்ணுக்குக் கீழே, கண்ணாடியோடு சேர்த்து.

கைதட்டல் அப்போதுதான் நின்றது.

வேறு இரண்டு பிசாசுகள் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு, ஒரு ஆட்டுத்தோலை அவர் தலைக்கு மேல் போட்டு மூடி, இரண்டு கக்கத்திலும் பிடித்து இழுத்துக்கொண்டு போயின. இடுப்பில் கட்டியிருந்த மாட்டுமணிகள் ஒழுங்கைக்குள் மறையும்வரை கேட்டன. பொலிஸ் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. நான் வாயெல்லாம் கரியோடு வீட்டுக்கு ஓடினேன்.

ஒன்றும் தெரியாமல் அடித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. வில் என்ற நகரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கும் அந்தச் சிறிய ஊரில் அப்போது ஐந்து வருடம் முடிந்திருந்தது. ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி தூக்கும் வேலை. வந்த முதல் மாதத்திலிருந்தே இங்கத்தைய பழக்கங்களை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவந்தேன். ஞாயிற்றுக்கிழமையில் போத்தல்களைத் தொட்டிக்குள் போடக்கூடாது, சத்தம். புது ஆளைச் சந்தித்தால் கை கொடுத்து முழுப்பெயரையும் சொல்லவேண்டும். கிளாஸ்களை முட்டும்போது மற்றவரின் கண்ணைப் பார்க்கவேண்டும். இப்படி இருநூறுக்கு மேல் குறிப்புகள்.

பிசாசுகளுக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். நகர நூலகத்தில் இருந்த ஒரு சிறு புத்தகத்தைப் பார்த்து எழுதியது. ஃபாஸ்நாக்ட் நாட்களில், அதாவது சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்கமுந்தி வரும் திருவிழாவில், அவை தெருவில் ஓடும். ஊதிக் காயவைத்த பன்றி மூத்திரப்பையைத் தடியில் கட்டி அடிக்கும். பிடிபட்டவருக்குக் கரி பூசும். பிடிபட்டவர் சிரிக்கவேண்டும், அந்த வருடம் அவருக்கு நல்லது என்று நம்பிக்கை. கடைசியாக ஒரு விதி: எந்தத் தோலுக்குள் யார் என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெண்சாதிக்குத் தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருப்பாள். பெயர் வெளியே வந்துவிட்டால் அந்த ஆள் தோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகவேண்டும்.

இவ்வளவையும் என் கையால் எழுதியிருந்தேன். முந்திய நான்கு வருடங்களும் அந்த வியாழனில் எனக்குப் பின்னேர வேலை. ஐந்தாம் வருடம் காலை வேலை என்பதால், நேரில் பார்த்துக் குறிப்பைத் திருத்தலாம் என்றுதான் சதுக்கத்துக்குப் போனேன்.

அந்த ஓட்டைகள்தான் காரணம் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு நாள் விடிய ஆறு மணிக்கு ஆமிக்காரர் எங்கள் பகுதியைச் சுற்றி வளைத்து, ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட வளவில் வரிசையில் நிற்க வைத்தார்கள். ஜீப்பில், ஆட்களைக் காட்டிக்கொடுக்க ஒரு தலையாட்டி இருந்தான். தலையில் சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்கவேண்டும். அந்தச் சாக்கு ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு முன்னால் பெரியப்பாவின் மகன் நின்றான். சாக்கு ஆடியது. துவக்குப் பிடியால் அவன் வாயில் அடித்தார்கள். விழுந்தவனை மூன்று பேர் சப்பாத்தால் மிதித்தார்கள். காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனபோது அவன் தலை மண்ணில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது. அடுத்தது நான். சாக்குத் துணி மூச்சுக்கு உள்ளே போய் வெளியே வந்தது. அது ஆடவில்லை. பெரியப்பாவின் மகன் இன்றுவரைக்கும் வரவில்லை.

ஆனால் சாக்குக்குள் இருந்தவனின் முகத்தை நான் பார்த்ததில்லை. இந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அந்த இரண்டு அடியும்.

நான் பயந்தது ஒரு காரியத்துக்குத்தான். என் மனைவி வவுனியாவில் தமக்கையின் வீட்டில் இருந்தாள். கலியாணமாகி நாலாம் மாதம் நான் வெளிக்கிட்டவன். தற்காலிகமாக இருக்க மட்டும் அனுமதி கிடைத்த எஃப் விசாக்காரன் மனைவியைக் கூப்பிடுவதென்றால் வருடங்கள் காத்திருக்கவேண்டும், சொந்தச் சம்பளத்தில் வாழவேண்டும், கறை இல்லாமல் இருக்கவேண்டும். எல்லாவற்றையும் முடித்து, ஜனவரி இரண்டாம் கிழமையில்தான் விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தேன். குற்றப் பதிவில் என் பெயர் ஏறினால் அவள் வரமுடியாது. அவ்வளவுதான் கணக்கு.

என்னோடு வீட்டைப் பகிர்ந்தவர் ஒரு அண்ணை. சதுக்கத்து உணவகத்தின் குசினியில் இருபத்தொரு வருடமாக வேலை செய்துவந்தவர். கரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

“பிசாசு உனக்கு அடிச்சதோ, நீ பிசாசுக்கு அடிச்சனியோ?”

சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கடைசியில் இருமினார். இரத்தம் பட்ட என் முட்டியைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். கண்ணாடி, நரைத்த புருவம், தாடையில் ஒரு பள்ளம். அவர் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பின்னேரம் விசயத்தோடு வந்தார். உணவகத்துக்கு உருளைக்கிழங்கு கொண்டுவரும் கமக்காரருக்குத் தாடையில் பள்ளம் உண்டு. அன்றைக்கு அவர் வரவில்லை, மனிசிதான் வானை ஓட்டி வந்தாளாம். புருசன் ஏணியிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது என்றாளாம்.

“ஏணியாம்,” என்றார் அண்ணை. “நல்ல ஏணி. ரெண்டு கையும் முழங்காலும் இருக்கிற ஏணி.”

அந்த இடத்தில் நாங்கள் பேசாமல் இருந்திருக்கவேண்டும். அந்த மனிதர் வைத்தியசாலையிலேயே பொய் சொல்லி, தன் விதியைக் காப்பாற்றியிருந்தார். என் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் முயற்சி செய்யவும் இல்லை. ஆனால் எங்கள் ஆக்கள் ஒரு பிரச்சினையை அப்படி விட்டுவிட மாட்டார்கள். அடிபட்டவன் வீட்டுக்கு நாலு பேர் போய்ப் பேசித் தீர்க்காவிட்டால் பகை உள்ளே கிடந்து அழுகும் என்பது அண்ணையின் கட்சி. பொலிஸ் தேடி வரமுந்தி நாங்கள் போகவேண்டும் என்றார். நான் தனியப் போகிறேன் என்றேன்.

“தனியப் போனால் பயந்துபோய் வந்தமாதிரிக் கிடக்கும். நாலு பேரோடை போனால்தான் அந்த மனிசனுக்கு மரியாதை. நான் கதைக்கிறன், நீ வாயைத் திறக்காதை.”

ஞாயிறு காலை பத்து ஐம்பதுக்கு அந்த மனிதரின் தெருவில் ஐந்து பேராக நடந்தோம். அண்ணை, நான், எங்கள் கோவில் நிர்வாகத்தில் மூன்று பேர். ஒருவர் வேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டிருந்தார். ஒருவர் தாம்பாளத்தில் மாம்பழமும் வாழைப்பழமும் திராட்சையும் தூக்கி வந்தார். இன்னொருவரிடம் லட்டுப் பெட்டி. அன்று பின்னேரம் ஃபாஸ்நாக்ட் ஊர்வலம் இருந்ததால் முழுத் தெருவும் வெளியே நின்று வண்டிகளுக்குக் காகிதப் பூக் கட்டிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் ஒவ்வொரு கையாக நின்றது.

பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் நல்ல மனதோடுதான் கேட்டார், எங்கேயாவது கலியாணமோ என்று. அண்ணை நின்று, தன் குசினி ஜெர்மனில், குசினிச் சத்தத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார். கலியாணம் இல்லை. வியாழக்கிழமை இந்த வீட்டுப் பிசாசுக்கு எங்கள் பெடியன் அடித்துவிட்டான், மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறோம்.

யாரோ ஒருவரின் கையிலிருந்த கத்தரிக்கோல் கல்லில் விழுந்தது.

கதவு திறந்தது. மனிசி நின்றாள். அவளுக்குப் பின்னால் அவர், ஒரு கை நெஞ்சோடு கட்டப்பட்டு, மூக்கு வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னத்தில் தையலோடு. அவருக்குப் பின்னால் பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மகள். அந்தப் பிள்ளை தாம்பாளத்தைப் பார்த்து, தெருவைப் பார்த்து, பிறகு தகப்பனைப் பார்த்தது. “நீங்களா?” என்று கேட்டது. அவர் இருபத்திரண்டு வருடம் அந்தத் தோலுக்குள் ஓடியவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மனிசி என்னை நேரே பார்த்து, யார் நீங்கள் என்றாள். நான் கையை நீட்டி என் முழுப்பெயரையும் சொன்னேன்.

அவர் சொன்னது ஒரே வார்த்தை. போங்கள். கதவு மூடியது. நிர்வாகத்தில் ஒருவர் தாம்பாளத்தைப் படியில் வைத்தார். அண்ணை திரும்பி வரும்போது, மூஞ்சை கொஞ்சம் கோணல்தான், ஆனால் பழத்தை எடுப்பினம் என்றார்.

செவ்வாய்க்கிழமைகளில் நகரசபைக் கட்டிடத்தில் இலவசமாகச் சட்டம் சொல்லும் ஒரு பெண் இருந்தாள். அவள் சொன்னதை அங்கேயே எழுதிக்கொண்டேன். எலும்பு முறிந்து ஆறிவிடும் காயத்துக்கு அடிபட்டவர் முறைப்பாடு கொடுத்தால்தான் வழக்கு. கொடுக்க மூன்று மாதம் இருக்கிறது. எண்ணிக்கை தொடங்குவது அடித்த நாளிலிருந்து அல்ல, அடித்தவர் யார் என்று தெரிந்த நாளிலிருந்து. எந்த நாளில் அவருக்கு என் பெயர் தெரிந்தது என்று கேட்டாள்.

“ஞாயிறு, பதினொரு மணி,” என்றேன். “நானே சொன்னேன்.”

அவள் பேனையை மேசையில் வைத்தாள். இனிமேல் அந்த வீட்டுப் பக்கம் போகவேண்டாம், ஐந்து பேராகப் போனதை மிரட்டல் என்றும் அவர்கள் எழுதலாம் என்றாள்.

பிசாசுகளின் விதிப்படி அவர் அந்தச் செவ்வாயே தோலையும் மணியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணை குசினியில் கேட்டு வந்து சொன்ன செய்தி. உடைந்த முகமூடியை வேறொருவர் காசு போட்டுத் திருத்துவாராம், இனி அது அவருக்கு இல்லையாம். ஆக, ஏணி என்று சொல்லவேண்டிய தேவை இப்போது அவருக்கு இல்லை. மே மாதம் வரைக்கும் எந்த நாளும் முறைப்பாடு எழுதலாம்.

அடுத்த திங்கட்கிழமை, பின்னேரம் இரண்டு பத்துக்கு, தொழிற்சாலைக்குப் பின்னால் சைக்கிள் விடும் இடத்தில் பூட்டைத் திறக்கக் குனிந்தேன். நிமிரமுந்தி ஒரு அடி விழுந்தது. தோல் கையுறை போட்ட முட்டி. வாய்க்குள் ஏதோ கழன்று உருண்டது. சைக்கிள்களோடு சேர்ந்து விழுந்தேன். பெடல் ஒன்று முதுகில் குத்தியது. அந்த ஆள் என் வயிற்றில் மூன்று தடவை உதைத்தார், ஒவ்வொன்றுக்கும் இடையில் மூச்சு விட்டு, விறகு கொத்துகிறவர் மாதிரி. தாடையில் அதே பள்ளம். கமக்காரரின் தம்பியாக இருக்கவேண்டும். கடைசியில் என் சைக்கிளைத் தூக்கி, சில்லைச் சுவர் மூலையில் அடித்து எட்டாக வளைத்துவிட்டுப் போனார்.

நான் கையைத் தூக்கவில்லை. வயிற்றில் விழும் ஒவ்வொரு உதைக்கும் வவுனியா, வவுனியா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கியது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பல்லைத் தேடிக் கல்லுக்குள் கை விட்டபோது, எழும்பி ஓடிப்போய் அவன் காதைக் கடித்துத் துப்பவேண்டும் என்றுதான் தோன்றியது. இரண்டு பற்களையும் கைலேஞ்சியில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அண்ணை அதைக் கண்டு சந்தோசப்பட்டார்.

“இப்ப சரிக்குச் சரி. அவன் எழுதினால் நீயும் எழுது. ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருப்பினம். படம் எடுத்து வை உந்தப் பல்லை.”

படம் எடுத்தோம். நாளும் நேரமும் எழுதினேன். ஆனால் முறைப்பாடு கொடுக்கவில்லை. என் பெயர் எந்தக் காகிதத்திலும், எந்தப் பக்கத்திலும், பொலிசின் முன் போகக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் மனைவியோடு பேசுவேன். அந்தக் கிழமை அவள், ஏன் கதைக்கேக்கை காத்துப் போறமாதிரிக் கிடக்கு என்று கேட்டாள். பல்லு டொக்டரிடம் போனேன் என்றேன். எத்தனை பல்லு என்றாள். ரெண்டு. ஏன் ரெண்டையும் ஒரே நாளில் பிடுங்கினவர் என்றாள். இங்கை அப்படித்தான் என்றேன். அவள் குளிர்ச் சப்பாத்து எந்த அளவு வாங்கவேண்டும் என்று கேட்டாள்.

ஏப்ரலில் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வீட்டு ஒப்பந்தம் சரி, சம்பளம் சரி. மே முடிவுக்குள் எடுத்த புதுக் குற்றப்பதிவுச் சான்று ஒன்று மட்டும் அனுப்பவேண்டும். கடிதத்தைச் சுவரில் ஒட்டினேன். அதற்குப் பக்கத்தில் நாட்காட்டி. ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் பொலிஸ் கடிதம் வந்திருக்குமோ என்று தபால்பெட்டியைத் திறப்பேன். வெறும் விளம்பரக் காகிதங்களுக்காக ஒரு நாள் அந்தப் பெட்டியின் தகரத்தை உதைத்து நெளித்தேன். கீழ்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலை பத்தரைக்கு, அண்ணை உணவகத்திலிருந்து போன் எடுத்தார். கிழங்கு வந்திருக்கு, கிழங்கோடை ஆளும் வந்திருக்கு, உன்னைக் கேக்கிறார், உடனை வா. ஓடிவந்தபோது, பின் முற்றத்தில் வானின் கதவைத் திறந்துவைத்து, மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவர் இருந்தார். கன்னத்துத் தையல் ஆறி, வாய் ஓரம் வரைக்கும் வெள்ளைக் கோடாக இழுத்திருந்தது. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார். குசினிக் கதவில் அண்ணை வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றார். அந்த வெங்காயம் உரித்து முடியவே இல்லை.

அண்ணை எனக்கு ஏற்கெனவே சொல்லித் தந்திருந்தார். யுத்தம், தலையாட்டி, பயம், தலை சுற்றியது, ஒன்றும் ஞாபகம் இல்லை. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

அவர் முதலில் தம்பியைப் பற்றிப் பேசினார். அவன் செய்தது தனக்குப் பிறகுதான் தெரிந்தது என்றார். அது பிழை, அதற்கு உங்களுக்கும் நாள் இருக்கிறது, நான் எண்ணிப் பார்த்தேன், பதினாறு நாள் இருக்கிறது என்றார். நான் பதினாறுதான் என்று தலையாட்டினேன். பிறகு, ஏன் என்று கேட்டார். தலையாட்டியைப் பற்றிச் சொன்னேன். என் ஜெர்மன் போதிய அளவுக்கு இருந்தது. சாக்கு, ஓட்டை, துவக்குப் பிடி, மண்ணில் கோடு. அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் தன் கண்ணாடியைக் கழற்றினார். புதுக் கண்ணாடி.

“முகமூடிக்கு அது காரணம். விளங்குகிறது,” என்றார். “முகமூடி உடைந்த பிறகு என்னைப் பார்த்தீர்கள். நானும் உங்களைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு தடவை அடித்தீர்கள்.”

“ஆம்.”

“அப்போது நான் யார்?”

கதவடியில் கத்தியின் சத்தம் நின்றது. அண்ணை தமிழில், என்னைப் பார்க்காமல், வெங்காயத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“ஞாபகம் இல்லை எண்டு சொல்லடா.”

எனக்கு நல்ல ஞாபகம் இருந்தது. அந்த மனிதருக்கும் இருந்தது. எண்ணி வைத்திருந்தார். மூன்று மாதமாக அந்த இரண்டையும் தலைக்குள் வைத்துக்கொண்டு, தான் செய்த பிழை என்ன என்று யோசித்திருக்கிறார் என்பது அவர் கண்ணாடியைப் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது.

“நீங்கள் கண்ணாடி போட்ட ஒரு மனிதர்,” என்றேன். “உங்களால் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. கீழே கிடந்தீர்கள். எனக்கு அடிக்க விருப்பமாக இருந்தது. அதனால் அடித்தேன்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நன்றி என்றார். கோபமாகவும் இல்லை, சிநேகமாகவும் இல்லை, மிச்சக் காசை வாங்கும்போது சொல்வதுபோல. வானை எடுத்துக்கொண்டு போனார். அண்ணை ஒரு வெங்காயத்தைச் சுவரில் எறிந்து உடைத்தார்.

“மூண்டு மாசம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திட்டு, அஞ்சு நாள் பொறுக்க ஏலாமல் போச்சோ உனக்கு? அவளுக்கு இப்ப என்ன சொல்லப் போறாய், மடையா?”

அவர் முறைப்பாடு எழுதினார். திங்கட்கிழமை, முடிய மூன்று நாள் இருக்கையில். பொலிசில் கூப்பிட்டு எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு பக்கம்கூட இல்லை. முகமூடி கழன்ற பிறகு, முகத்தில், கையால், இரண்டு அடி. தோள் எலும்பைப் பற்றிக் கேட்டதற்கு ஏணியிலிருந்து விழுந்தது என்று சொல்லியிருந்தார். கன்னத்துக்கும் ஏணிதான். மூக்கு வீங்கியது, உடையவில்லை. வேறு எதற்கும் முறைப்பாடு இல்லை என்று தன் கையால் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுதியிருப்பது சரியா என்று பொலிஸ்காரர் கேட்டார். சரி என்றேன். தம்பியைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பெண் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். காயம் இல்லாத அடிக்குத் தண்டம் மட்டும்தான், இந்த அளவுத் தண்டம் குற்றப் பதிவில் ஏறாது என்றாள். இதை எழுதியவருக்கு அது தெரிந்திருக்குமா என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். இப்படி எழுத யாரிடமாவது கேட்டிருக்கவேண்டும் என்று மட்டும் சொன்னாள். மே கடைசி வெள்ளியில் எடுத்த சான்று வெறுமையாக வந்தது. அனுப்பினேன். தண்டத்தையும் கட்டினேன்.

மனைவி அக்டோபர் மூன்றாம் கிழமையில் வந்தாள். போனில் சொல்லாததை வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வந்த பிறகு, முதலில் வீடு பிடிபடட்டும் என்று வைத்தேன். ஒன்பதாம் நாள், சனிக்கிழமை, கடைக்குப் போய்விட்டு பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். எதிர்ப்பக்கத்தில் அந்த வான் நின்றது. அவர் தெருவைக் கடந்து வந்தார். எனக்குத் தலையசைத்தார். மனைவிக்குக் கை கொடுத்துத் தன் பெயரைச் சொன்னார். அவள், நான் சொல்லிக் கொடுத்தபடி, தன் முழுப்பெயரையும் சொன்னாள். குளிர்கிறதா என்று கேட்டார். பழகிவிடும் என்று அவரே சொல்லிவிட்டு வானுக்குப் போனார்.

“ஆர் அந்த மனிசன்? உங்கடை வேலையிடத்து ஆளோ?”

“நான் அடிச்ச ஆள்,” என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். வான் திரும்பும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்திலிருக்கும் கோடு நீங்கள் செய்ததோ என்று கேட்டாள். அது மரம் கிழிச்சது, ஆனால் என்னாலைதான் என்றேன். பிறகு எல்லாவற்றையும் அங்கேயே, நின்றபடியே, வியாழக்கிழமையிலிருந்து வரிசையாகச் சொன்னேன். தலையாட்டியைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்குத் தலையாட்டினாள். கடைசி இரண்டையும் சொன்னபோது ஆட்டவில்லை. ஒரு பஸ் வந்து போனது.

“பல்லும் உதாலைதான் போச்சோ?”

“ஓம்.”

“எந்தக் கையாலை அடிச்சனீங்கள்?”

வலது கையைக் காட்டினேன். அதில் கடைப் பை இருந்தது. அவள் அந்தப் பையை என்னிடமிருந்து வாங்கித் தன் மற்றத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று, அடுத்த பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தாள்.